ஆஃப்-பீக் மின் கட்டணம்: யாருக்குக் கட்டுப்படியாகும், யாருக்குக் கையைக் கடிக்கும்

தேவை குறைந்த (ஆஃப்-பீக்) இரவு நேரத்தில் மலிவாகவும் மற்ற நேரத்தில் கூடுதலாகவும், நேரத்துக்கு ஒரு விலை வைக்கும் கட்டணத் திட்டத்தில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது இரவு யூனிட்டின் தள்ளுபடி. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பகல் யூனிட் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான். தள்ளுபடி சில மணி நேரத்துக்கு மட்டும். ஏற்றமோ மீதி நேரம் முழுக்க ஓடும்.

கணக்கு எளிது. இப்போதைய ஒரே விலையை 100 என்று வையுங்கள். புதிய திட்டத்தில் பகல் 115, இரவு 60 என்றால், பகல் ஏற்றம் 15, பகலுக்கும் இரவுக்கும் இடைவெளி 55. பதினைந்தை ஐம்பத்தைந்தால் வகுத்தால் 27 சதவீதம். மாத மொத்தத்தில் 27 சதவீதத்துக்கு மேல் மலிவு நேரத்தில் செலவானால்தான் லாபமே தொடங்கும். 40 சதவீதம் போனால் பில் 7 சதவீதம் குறையும், 20 சதவீதம்தான் போகிறது என்றால் 4 சதவீதம் கூடும். நிலைக் கட்டணமும் கூடுகிறதா? கூடும் தொகையை அந்த இடைவெளியால் வகுத்தால், இன்னும் எத்தனை யூனிட்டை இரவுக்குத் தள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும். யூனிட் ஏற ஏற விலை ஏறும் ஸ்லாப் முறை இருந்தால் இந்தக் குறுக்கு வழி உதவாது. முழு பில்லையும் இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

மலிவு நேரம் ஏழு மணி என்றால் அது நாளில் 29 சதவீதம். அதனால் ஒன்றுமே மாற்றாமல் 27-ஐத் தாண்டிவிடலாம் என்று நினைப்பதுண்டு. ஃப்ரிட்ஜ், வைஃபை போல ஓயாமல் ஓடுபவற்றுக்கு மட்டும் அது பொருந்தும். சமையல், இஸ்திரி, விளக்கு, டிவி எல்லாம் நாம் விழித்திருக்கும் நேரத்தில் விழுவதால் விகிதம் இறங்கிவிடும். ஊகிக்க வேண்டாம். மலிவு நேரம் தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்து ஒரு வாரம் பாருங்கள். ஏசி ஓடும் மாதத்தில் ஒரு வாரம், ஓடாத மாதத்தில் ஒரு வாரம் என்று எடுத்தால் இன்னும் நம்பகமாக இருக்கும்.

இரவுக்குத் தள்ளத் தகுந்தவை மிகக் குறைவு. முதலிடம் மின்சாரக் காருக்கு. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார் ஏறத்தாழ 6 முதல் 7 யூனிட் கேட்கும், மாதம் 200 என்று வையுங்கள். 300 யூனிட் செலவாகும் வீட்டில் 45 யூனிட் மட்டுமே இரவில் விழுந்தாலும், கார் சேர்ந்ததும் 500-க்கு 245 ஆகி, பங்கு 49 சதவீதத்தைத் தொடும். பில் 12 சதவீதம் குறையும். இதற்குத் தனி சார்ஜர்கூடத் தேவையில்லை. 10 ஆம்பியர் இழுக்கும் சாதாரண சார்ஜர் 2.3 கிலோவாட், ஏழு மணி நேரத்தில் 16 யூனிட் ஏற்றிவிடும்.

அடுத்தது வெந்நீர். 100 லிட்டரை 40 டிகிரி சூடேற்ற 4.65 யூனிட் ஆகும். இதைச் சேமித்து வைக்க நல்ல வெப்பக் காப்புள்ள பெரிய தொட்டி வேண்டும். திறந்தவுடன் சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டரில் தள்ளி வைக்க ஒன்றுமே இல்லை. 15 லிட்டர் கீசருக்கு 0.7 யூனிட்தான். மலிவு நேரம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அது அணையும்படி வைத்து, அரை மணிக்குள் குளித்தால் பலன் உண்டு. பெரிய தொட்டியில் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம், வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். படுக்கையறை ஏசி தானாகவே இரவில் ஓடுவதால் அதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை.

வாஷிங் மெஷினுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாதம் 15 யூனிட்டை மாற்றினால் மிச்சம் பழைய விலையில் 8 யூனிட்டுக்குச் சமம், அவ்வளவே. துணி உலர்த்தும் மெஷினை எல்லோரும் தூங்கும்போது ஓட விடுவது தீ அபாயம். அதைத் தயங்காமல் தவிருங்கள்.

இரவில் ஏற்றிப் பகலில் இறக்க பேட்டரி வாங்கலாமா? லித்தியத்தில் போகும் 100-க்கு 88 திரும்பினால், 60 விலை 68 ஆகிவிடும். ஈய-அமில பேட்டரியில் 75 திரும்பினால் 80 ஆகும், தினமும் ஆழமாக இறக்குவதால் ஆயுளும் தேயும். 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் மிச்சம் பழைய விலையில் சுமார் 705 யூனிட். பேட்டரி விலையை அந்த 705 யூனிட்டின் பழைய விலையால் வகுங்கள். வரும் ஆண்டுகள் உத்தரவாதக் காலத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் டைமரில். முள் வைத்த மெக்கானிக்கல் டைமர் மின்தடை நேரம் அளவுக்குப் பின்தங்கும், இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் ஹீட்டர் பகல் விலைக்குள் நுழைந்துவிடும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் பிளக் டைமரில் மாட்டினால் உருகும். கான்டாக்டர் (பெரிய மின்சுமையைத் தாங்கும் மின்சுவிட்ச்) வைத்து, டைமர் அதை மட்டும் இயக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். இன்னொன்று, எல்லாம் ஒரே நிமிடத்தில் தொடங்கக் கூடாது. ஹீட்டர் 3, கார் 3.5, ஏசி 1.5 கிலோவாட் சேர்ந்தால் 230 வோல்ட்டில் 35 ஆம்பியர். 32 ஆம்பியர் மெயின் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) உடனே விழாவிட்டாலும், மற்ற சாதனங்களும் சேர்ந்தால் விழலாம், விழுந்தால் விடியும்வரை காரும் ஏறாது, நீரும் சுடாது. காரை முதலிலும் ஹீட்டரைக் கடைசியிலும் வையுங்கள்.

மாலையில் மட்டும் தனியே உச்ச விலை வைக்கும் மூன்றடுக்குத் திட்டங்களில் இரவுத் தள்ளுபடியைவிட மாலைச் சமையலும் மாலை ஏசியும்தான் பில்லை நிர்ணயிக்கும். அந்த நேரச் செலவைக் குறைக்க முடியாத வீடு சேராமல் இருப்பதே நல்லது. கார், பெரிய தொட்டி, இரவு ஏசி மூன்றும் இல்லாத வீட்டுக்கும் என் பதில் அதுவே.

சேர்ந்துவிட்டால் முதல் வேலை மீட்டரைச் சோதிப்பது. பல மீட்டர்களின் திரையில் வரும் குறியீடுகளில் 1.8.0 மொத்தம், 1.8.1, 1.8.2 என்பவை தனித்தனி விலைப் பதிவுகள். எது பகல், எது இரவு என்பது இடத்துக்கு இடம் மாறும். மலிவு நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஹீட்டரைப் போட்டு எந்த எண் நகர்கிறது என்று பாருங்கள், முடிந்த பிறகும் ஒருமுறை பாருங்கள். மீட்டரின் கடிகாரம் பிசகியிருந்தால் இதில் தெரிந்துவிடும். பில்லில் இரண்டு பதிவுகளும் இடம் மாறி ஏறியிருந்தால் பகல் யூனிட்டுக்கு இரவு விலையும் இரவு யூனிட்டுக்குப் பகல் விலையும் விழும். எண் தெரியும்படி தேதியோடு எடுத்த படம் கையில் இருந்தால் திருத்தக் கேட்பது சுலபம்.