ஒரே பழமொழி, இரண்டு பதில்: எரேமியாவா, எசேக்கியேலா?

'அப்பன்மார் திராட்சைக்காயைத் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசியது' என்பது, பைபிளின் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளான எரேமியா, எசேக்கியேல் காலத்து யூதர்கள் வாயில் புழங்கிய பழமொழி. முன்னோர் செய்த வினைக்கு நாங்கள் அனுபவிக்கிறோம், எங்கள் மேல் என்ன தப்பு என்கிற புலம்பல்தான்.

எரேமியா (31ஆம் அதிகாரம்) இதை இனிவரும் நாளுக்குத் தள்ளிவைக்கிறார்: அந்நாட்களில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான், இரண்டே வசனம்.

எசேக்கியேல் விடுவதாக இல்லை. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களில் ஒருவரான அவர், கேபார் நதிக்கரையில் அதே கூட்டத்தோடு இருந்துகொண்டே, இந்தப் பேச்சை இப்போதே நிறுத்துங்கள் என்று 18ஆம் அதிகாரம் முழுக்க வாதாடுகிறார். நல்ல அப்பா, அடாவடி மகன், அதைப் பார்த்துத் திருந்திய பேரன் என்று மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்தி அவரவர் கணக்கை அவரவர் தலையில் எழுதுகிறார். கணக்கும் வெறும் கும்பிடு இல்லை. அடமானத்தைத் திருப்பிக் கொடுத்தானா, பசித்தவனுக்குச் சோறு போட்டானா, வட்டி வாங்கினானா என்று கேட்கிறார். கெட்டவன் திரும்பினால் பழையது மறக்கப்படும், சரி. நல்லவன் வழிதவறினாலும் அவனுடைய பழைய புண்ணியம் செல்லாது என்பதுதான் உறைக்கிறது.

இதயத்தைப் பற்றி எரேமியாவில் கடவுள், 'என் சட்டத்தை அதில் நான் எழுதுவேன்' என்கிறார். எசேக்கியேலிலோ, 'புது இதயத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள்'. எனக்கு இந்தக் கறார் பேச்சுதான் பிடித்திருக்கிறது, 36ஆம் அதிகாரத்தில் அவரே 'புது இதயத்தை நான் தருவேன்' என்ற வாக்குக்கு வந்துவிடுகிறார் என்றாலும்.