லினக்ஸ்லயே விளையாடி, லினக்ஸ்லயே கேம் பண்ணிப் பாத்த அனுபவம்

விண்டோஸைத் தூக்கிட்டு ஃபெடோராங்கற லினக்ஸைப் போட்டு சில வருஷம் ஆச்சு, விளையாடறதும் அதுலதான், கோடோ எஞ்சின்ல சின்னச் சின்ன கேம் பண்றதும் அதுலதான்.

ஸ்டீம் கேம் கடையை நடத்தற வால்வ் 2015ல விட்ட, லினக்ஸ்ல ஓடற கேமிங் பெட்டி ஸ்டீம் மெஷின் ஊத்திக்கிட்டதுக்கு முக்கிய காரணம் கேம் பத்தல, லினக்ஸுக்குன்னு தனியா போர்ட் பண்ண, அதாவது கேமை லினக்ஸுக்கு ஏத்தபடி மாத்திக் குடுக்க முக்கால்வாசிப் பேர் முன்வரல. 2018ல வந்த புரோட்டான், விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட வைக்கற வால்வோட டூல், அந்த வேலையையே டெவலப்பர் தலையிலேந்து எடுத்துடுச்சு, விண்டோஸ் பில்டை (விண்டோஸுக்குன்னு பண்ண கேம் ஃபைலை) அப்படியே குடு போதும்னு. உள்ள இருக்கறது விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டறதுக்குன்னு 1993லேந்து வளர்ந்துட்டு வர்ற வைன், கூட டிஎக்ஸ்விகே, அது விண்டோஸோட கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸ் 11ல கேம் கேக்கறதை லினக்ஸ்லயும் ஓடற வல்கனுக்கு மாத்திக் குடுக்கும். வேற மெஷின் மாதிரியே நடிக்கற எமுலேட்டர் இல்லங்கறதால வேகம் பெருசா அடிபடாது. ஒண்ணு மட்டும், முதல் தடவை திறக்கறப்ப வல்கன் ஷேடர் ப்ராசஸிங்னு ஒரு பார் ஓடும் (ஷேடர்னா கிராஃபிக்ஸ் கார்டுக்கான குட்டி புரோகிராம், அதை முன்கூட்டியே தயார் பண்ணி வைக்குது), அவசரத்துல அதை ஸ்கிப் பண்ணிட்டு உள்ள போனா புது ஏரியா வர்றப்பெல்லாம் திக்கித் திக்கி ஓட வாய்ப்பிருக்கு, பொறுமையா ஓட விடுங்க.

வருத்தமான விஷயம், லினக்ஸுக்குன்னே பண்ண பழைய நேட்டிவ் போர்ட் சிலது இப்ப கிளம்பவே மாட்டேங்குது, லைப்ரரி வெர்ஷன்லாம் மாறிப்போச்சு. ஸ்டீம்ல அந்த கேமோட ப்ராபர்ட்டீஸ் போய் கம்பாட்டிபிலிட்டில புரோட்டானை டிக் பண்ணா விண்டோஸ் பில்ட் இறங்கி ஜம்முனு ஓடுது! லினக்ஸ்ல காலத்துக்கும் நிக்கறது விண்டோஸ் பில்டுதான்னா நேட்டிவ் போர்ட்டுக்கு உழைச்சவங்களை நெனச்சா கஷ்டமாதான் இருக்கு.

கேம் பண்றவங்களுக்கு: கோடோல ஒரே மெஷின்லேந்து விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுக்கும் எக்ஸ்போர்ட் பண்ணலாம். ஃபைல் பேர் Enemy.png-க்கு பதிலா எல்லாமே சின்ன எழுத்துல வச்சுக்கங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினா விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் ஃபைலே இல்லம்பான். மேக்னா ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருஷம் 99 டாலர், தனி ஆளா பண்றவங்களுக்கு அது பெரிய காசு. என்னைக் கேட்டா விண்டோஸ் பில்டை ஒழுங்கா பண்ணி புரோட்டான்ல நல்லா டெஸ்ட் பண்ணுங்க, வருஷக்கணக்குல பராமரிக்க முடியும்னா மட்டும் நேட்டிவ் லினக்ஸ் விடுங்க.

ஆன்லைன் கேம்ல ஏமாத்தறவங்களைப் பிடிக்கற ஆன்டி-சீட் சாஃப்ட்வேர் பிரச்சனைதான் இன்னும் தீரல. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டும் 2021லயே புரோட்டானுக்கு வழி குடுத்துட்டாங்க, ஆனா கேம் கம்பெனி அதை ஆன் பண்ணணும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்ங்கற ஆன்லைன் ஷூட்டிங் கேம் 2024ல லினக்ஸை வேணாம்னு நிறுத்திடுச்சு, இன்னொரு ஷூட்டிங் கேம் வாலரன்ட்டோட ஆன்டி-சீட்டான வேன்கார்ட் விண்டோஸோட அடிமட்டமான கெர்னல்லயே உக்காந்திருக்கறதால புரோட்டான் அங்க ஒண்ணும் பண்ண முடியாது. டெய்லி வாலரன்ட் ஆடறவங்க விண்டோஸ் பார்ட்டிஷனை அழிச்சிடாதீங்க, சிங்கிள் ப்ளேயர் ஆளுங்க தைரியமா மாறலாம்.