அலுமினிய உலையில் மீயொலி மெஷின்: பாவித்தவனின் புலம்பல்

அக்கரைப்பற்றில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் தம்பி கேட்டான்: "அண்ணன், உருகின அலுமினியத்தில வாயு எடுக்கப் போடுற குளிசையை விட்டுட்டு மீயொலிக்கு மாறட்டா?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

மெஷினின் வேலையில் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். 660 பாகையில் இறுகும்போது அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் உள்ளே தங்கும், மிச்சம் ஊசித்துளையாகிவிடும். நெல் மில் புல்லியை லேத்தில் சீவச் சீவக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த வயிற்றெரிச்சல் வார்க்கிறவனுக்குத்தான் தெரியும். மாரியில் மட்டக்களப்புக் காற்றின் ஈரத்தைச் சொல்லவும் வேண்டுமா? இப்போது விநாடிக்கு 20,000 தரம் அதிரும் தண்டை மூசைக்குள் இறக்கினால் நுண்குமிழ்கள் தோன்றி, ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து மேலே வந்துவிடுகின்றன. குளிசை போட்டால் கிளம்பும் அந்தக் குளோரின் புகை இல்லை. புல்லிகள் சுத்தம். மாரியில் மட்டும் உடனே வார்த்துவிட வேண்டும். சுணங்கினால் ஈரம் திரும்ப ஏறிவிடும்.

காதுக்குக் கேட்காத ஒலி என்று சொல்லித்தான் விற்றார்கள். தண்டு உலோகத்தைத் தொட்டதும் குமிழ்கள் உடைந்து, பாதி அதிர்வெண்ணில் ஒரு கீச்சு எழும்பும், பல்லெல்லாம் கூசும். காதடைப்பான் போட்டால் போச்சு, அதை விடுவோம்.

என்னை எரிச்சல்படுத்துவது அந்தத் தண்டின் டைட்டானியம் முனை. எந்த அலுமினியத்தைச் சுத்தம் பண்ணுகிறதோ அதுக்குள்ளேயே சீனிக்கட்டி மாதிரிக் கரைகிறது. குமிழ் உடைகிற அடியில் அம்மைத் தழும்பாகக் குழி விழும், சூட்டில் உலோகம் கரைத்துக் குடிக்கும். முனை தேயத் தேய நீளம் குறைந்து அதிர்வு சுருதி மாறும். தண்டை அதிரவைக்கும் மின்பெட்டி சிவப்பு லைற்றைப் போட்டுவிட்டு நின்றுவிடும். போன கிழமையும் முனை மாற்றினேன். விற்றவரிடம் கேட்டால், "கரைஞ்ச டைட்டானியம் அலுமினியத்தின் மணியை, அதாவது உள்ளே இருக்கிற படிகத் துணுக்குகளை, நுண்மையாக்கும், நல்லதுதானே" என்கிறார். உண்மைதான். ஆனால் அதுக்கென்றே மலிவான கலவைக்கட்டி விற்கிறார்கள், என் முனையைத் தின்னக் கொடுக்கத் தேவையில்லை. நயோபியம் முனை மிக மெதுவாகத்தான் கரையும். விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே தம்பி, வாங்காதே. குளிசையையே போடு, போடும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நில். என்ட மெஷினை அரை விலைக்குக் கேட்கலாம் என்று மட்டும் நினைக்காதே, தரமாட்டன்.