280 யூரோவுக்குக் கிரேன் இல்லாத உனிமோக்: பழைய லெகோ வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

280 யூரோ. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு நாட்களாக நான் முறையிட்ட ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. பழைய பொருட்களை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் அவ்வளவு பணம் கொடுத்து, முக்கியமான பாகங்கள் எல்லாம் உருவப்பட்ட ஒரு லெகோ பெட்டியை வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வாங்குகிறோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

வாங்கியது லெகோ டெக்னிக் வரிசையில் 8110 என்ற எண்ணுள்ள உனிமோக் யூ 400. 2011இல் வந்தது, 2048 துண்டுகள். தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகின்றன. பழையதாக வாங்கினால்தான் உண்டு.

உனிமோக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு, அது பாதி லாரி, பாதி டிராக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஆல்பர்ட் பிரீட்ரிக் என்ற பொறியாளர் விவசாயிகளுக்காக வடிவமைத்தார். சக்கரங்களின் இடைவெளியே இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்குப் பொருந்துமாறு வைக்கப்பட்டது. டைம்லர்-பென்ஸ் அதை எடுத்துக்கொண்டு, 1951 முதல் ஜெர்மனியின் காகனாவ் ஊரில் இருந்த தன் ஆலையில் தயாரித்தது. இன்று சாலைப் பராமரிப்புத் துறைகளின் ஆரஞ்சு நிற வண்டியாகப் பார்க்கிறோம். குளிர்காலத்தில் முன்னால் பனி தள்ளும் பலகை, பின்னால் உப்புத் தூவும் பெட்டி. கோடையில் அதே வண்டியில் நீண்ட கையோடு புல்வெட்டி பொருத்திச் சாலையோரத்தைச் சிரைப்பார்கள். தூரிகையை மாட்டி ஓரக் கம்பங்களைக் கழுவுவார்கள். கருவிகளைக் கழற்றிவிட்டால் அந்த வண்டிக்கு வேலையே இல்லை.

லெகோவில் செய்த உனிமோக்கும் அப்படித்தான். முன்னால் கயிறு சுற்றும் விஞ்சை எடுத்துவிட்டுப் பனி தள்ளும் பலகையை மாட்டலாம். பின்னால் காற்றழுத்தத்தில் இயங்கும் கிரேன். உள்ளே சின்ன மோட்டார் ஒரு பம்பை ஓட்டும், நெம்புகோலைத் திருப்பினால் காற்று குழாய் வழியாகச் சிலிண்டருக்குப் போய்க் கையைத் தூக்கும். என் மகனுக்குப் பதினொரு வயது. ஈஸ்டர் விடுமுறையில் காகனாவ் உனிமோக் அருங்காட்சியகத்தில் செங்குத்தான மேட்டில் ஏறி இறங்கும் வண்டியில் உட்கார வைத்தேன். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. இந்த 280 யூரோவில் 95 யூரோ அவனுடையது. ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் பிறந்தநாள்தோறும் கொடுத்ததைச் சேர்த்து வைத்திருந்தான்.

விளம்பரத்தில் "முழுமையானது, இணைப்புக் கருவிகள் அனைத்தும் உண்டு, கிரேன் வேலை செய்கிறது, புகைபிடிக்காத வீடு" என்று எழுதியிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சிலிண்டர்களில் காற்று கசிகிறதா, குழாய்கள் இறுகிவிட்டனவா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, கூடவே நாற்பது விநாடி வீடியோ. மோட்டார் ஓடும் சத்தம், மெல்லிய சீறல், கிரேன் கை மெதுவாக எழுகிறது, நுனியில் இருக்கும் கவ்வி ஒரு பென்சிலைப் பிடித்துத் தூக்குகிறது. என் மகன் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். கீழே அந்த ஆள் எழுதியிருந்தார்: "என் மகன் பல்கலைக்கழகம் போய்விட்டான். இது இன்னொரு பையன் கைக்குப் போவதில் மகிழ்ச்சி."

அந்த வரியில்தான் நான் விழுந்தேன். ஒரு அப்பா இன்னொரு அப்பாவுக்கு எழுதுகிறார் என்று நம்பினேன். அடுத்த செய்தியிலேயே, நண்பருக்குப் பணம் அனுப்பும் வழியில் அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்றார். செயலியே எச்சரித்தது, இந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்று. படித்தேன். படித்தும் அழுத்தினேன்.

இப்போது அந்த வீடியோவை மறுபடியும் பார்க்கிறேன். கிரேனுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கூரையில் பனி! நான் வாங்கியது ஜூனில். அன்று எத்தனையோ முறை பார்த்தும் கிரேனை மட்டும்தான் பார்த்தேனே தவிர, ஜன்னலைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. மகன் கூடத்தில் வெள்ளை விரிப்பைப் போட்டு, லெகோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கட்டுமானக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, துண்டுகளை நிறவாரியாகப் பிரித்தான். மூன்றாவது பையைப் பிரிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டான். காற்றழுத்தச் சிலிண்டர் ஒன்றுகூட இல்லை. பம்ப் இல்லை. காற்றைத் திருப்பிவிடும் வால்வுகள் இல்லை. குழாய் என்று இரண்டு துண்டு இருந்தன, விறைத்துப்போய், ஒன்றின் முனை கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. கிரேனில் மிச்சம் இருந்தது அந்தக் கவ்வி மட்டும். பனி தள்ளும் பலகைக்கு உரிய ஆரஞ்சுத் துண்டுகள் இரண்டு சாயலில் இருந்தன. அசல் லெகோ என்றால் பெரும்பாலான துண்டுகளில் எங்காவது லெகோ என்ற பெயர் பொறித்திருக்கும். இவற்றில் பல மொட்டையாக இருந்தன, அழுத்தினால் பிடிப்பும் இல்லை. "அப்பா, கிரேன் வேறு பெட்டியில் தனியாக வருமோ?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு நடந்த அலைக்கழிப்புதான் இன்னும் எரிகிறது. விற்றவர் முதலில், "எல்லாம் வைத்துத்தான் கட்டினேன், உங்கள் வீட்டில் தொலைந்திருக்கும்" என்றார். படங்கள் அனுப்பினேன். "அப்படியானால் கூரியர்காரரைக் கேளுங்கள்." பெட்டியின் ஒட்டுநாடா பிரிக்கப்படவே இல்லை என்றேன். "தனிநபர் விற்பனை, திரும்ப எடுப்பதில்லை என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் தடை செய்துவிட்டார். இணையதளத்துக்கு எழுதினால், தாங்கள் விளம்பரத்துக்கு இடம் தருகிறவர்கள் மட்டுமே என்று ஒரு அச்சுப் பதில். பணம் அனுப்பிய நிறுவனம், நண்பருக்கு அனுப்பிய பணத்தில் தலையிட முடியாது என்றது. அவர் என் நண்பரே இல்லை என்று நான்கு முறை சொன்னேன். அந்த நிறுவனத்தின் சார்பில் பேசிய பெண் நான்கு முறையும் அதே வாக்கியத்தைப் படித்தார். 280 யூரோவுக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

இன்று காலை வந்ததுதான் உச்சம். அதே இணையதளத்தில், வேறு பெயரில், "8110 உனிமோக்கின் காற்றழுத்தப் பாகங்கள், முழுத் தொகுதி, 120 யூரோ" என்று ஒரு விளம்பரம். படத்தில் அதே ஜன்னல், அதே கூரை, அதே பனி. மாதிரியைப் பிரித்து, விலைபோகும் பாகங்களைத் தனியாக எடுத்து, மிச்சத்தை முழுமையானது என்று என் தலையில் கட்டியிருக்கிறார். படங்களைச் சேமித்துவிட்டேன். காவல்துறையின் இணையப் புகார்ப் பக்கத்தில் புகாரும் கொடுத்தாகிவிட்டது. இப்போதைக்குக் கையில் ஒரு எண் இருக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். நண்பருக்கு அனுப்பும் வழியில் பணம் கேட்டால் அங்கேயே விலகுங்கள், இரண்டு மூன்று யூரோ கட்டணத்தைப் பார்க்காதீர்கள். அன்றைய தேதி எழுதிய தாளைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் புதிதாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். காற்றழுத்தம், மோட்டார், இணைப்புக் கருவி உள்ள லெகோ என்றால் அவற்றைத் தனியாகப் பரப்பிப் படம் கேளுங்கள். துண்டுகளில் பொறித்த லெகோ எழுத்து தெரிய நெருங்கிய படம் வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. முடிந்தால் ரயில் ஏறி நேரில் போய் வாங்குங்கள். "திரும்ப எடுப்பதில்லை" என்ற வரியைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 444வது பிரிவின்படி, குறையைத் தெரிந்தே மறைத்த விற்பனையாளர் அந்த வரியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. விளம்பரத்தின் வாசகத்தை அவர் அழிப்பதற்கு முன் படமெடுத்து வையுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே பனி தெரியும் அந்தக் கிரேன் வீடியோ உங்களில் யாருக்காவது வந்திருந்தால், பணம் அனுப்பாதீர்கள். உடனே எனக்கு எழுதுங்கள். புகார் எண்ணைத் தருகிறேன், உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.