மலக்குடல் கட்டியின் ஆழம்: அல்ட்ராசவுண்டா, எம்ஆர்ஐயா?

புற்றுதானா என்பதைக் கொலோனோஸ்கோபியில் எடுக்கும் பயாப்சிதான் உறுதி செய்யும். ஸ்கேன்களுக்குள் போட்டி அதன் பிறகுதான்: மலக்குடல் சுவரில் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? கட்டியை மட்டும் ஆசனவாய் வழியே எடுத்தால் போதுமா, மலக்குடலையே அகற்ற வேண்டுமா, முன்பே கதிர்வீச்சு தேவையா என்பதெல்லாம் இந்த விடையைப் பொறுத்தது.

சிறிய, ஆரம்பக் கட்டி என்றால் எங்கள் தேர்வு உள்வழி அல்ட்ராசவுண்ட். எனிமா கொடுத்து, இடப்பக்கமாகப் படுக்க வைத்து, 360 டிகிரியும் காட்டும் புரோபை ஆசனவாய் வழியே செலுத்துவார்கள். அதன் நுனியிலுள்ள பலூனில் நீர் நிரப்பியதும் குடல் சுவர் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து வளையங்களாகத் தெரியும். நடு வெள்ளை வளையம் சிதைந்து, வெளிக் கறுப்பு வளையமான தசை அப்படியே இருந்தால் டி1, அதாவது கட்டி இறங்கிய ஆழத்தின் முதல் நிலை. தசைக்குள் புகுந்திருந்தால் டி2. கடைசி வெள்ளை வளையமும் உடைந்து கொழுப்புக்குள் போயிருந்தால் டி3. டி1, டி2 இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் எம்ஆர்ஐ பின்தங்கிவிடுகிறது.

பிழைகளும் உண்டு. பலூனுக்குள் காற்றுக் குமிழி தங்கினால் நிழல் விழும். நீரை அதிகம் ஏற்றினால் வளையங்கள் நசுங்கி ஒன்றாகிவிடும். கட்டியைச் சுற்றியுள்ள அழற்சியும் கறுப்பாகவே தெரிவதால் டி2 கட்டியை டி3 என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. குடல் சுருங்கியிருந்தால் புரோப் உள்ளே போகாது. மிக உயரத்தில் உள்ள கட்டியை எட்டுவதும் கடினம்.

ஆழமாக வளர்ந்த கட்டிக்கு எம்ஆர்ஐ இல்லாமல் முடிவெடுக்கவே கூடாது. மலக்குடலையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் போர்த்தியிருக்கும், அறுவை மருத்துவர் வெட்டிச் செல்லும் எல்லையான மெசோரெக்டல் உறையை அதுதான் தெளிவாகக் காட்டும். கட்டி அந்த உறைக்கு 1 மி.மீ. அல்லது அதைவிட நெருக்கமாக இருந்தால் ஆபத்து. குடலுக்கு வெளியே உள்ள சிரைக்குள் புற்று நுழைந்திருப்பதும் இதில் தெரியும். டி2 வகைப் படங்கள் 3 மி.மீ. தடிமனில், கட்டியின் அச்சுக்குச் செங்குத்தாக எடுக்கப்பட வேண்டும். சாய்வாக எடுத்தால் கட்டியின் விளிம்பு மங்கி, நோய் முற்றியதுபோல் தோன்றும். (படத்தின் வகையான ‘டி2’ வேறு, கட்டியின் நிலையான ‘டி2’ வேறு.)

நிணநீர்க் கணுக்களில் இரண்டுமே ஏமாற்றும்: சிறிய கணுவில் புற்று இருக்கலாம், பெரியது வெறும் வீக்கமாகவும் இருக்கலாம்.

எந்த ஸ்கேனாக இருந்தாலும் கதிர்வீச்சுக்கு முன் எடுப்பதே சரி. கதிர்வீச்சுக்குப் பின் வரும் தழும்பையும் எஞ்சிய புற்றையும் பிரித்தறிவது இரண்டிலுமே சிரமம்.