டெஸ்டோஸ்டிரோன் ஜெல் 1%: நல்ல சரக்குதான், வாங்குகிறவர்தான் பெரும்பாலும் தப்பான ஆள்

ஷாம்பு சாஷேயைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டலம். கிழித்தால் நிறமில்லாத, சானிடைசர் வாடை அடிக்கும் வழவழப்பு. 5 கிராம் ஜெல்லில் 50 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இருக்கிறது. அதில் தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது பத்தில் ஒரு பங்குதான், அதாவது நாளைக்கு 5 மி.கி. போல. இளவயதில் விரைகள் ஒரு நாளில் சுரக்கிற அளவை ஒட்டியது இது. மிச்சம் தோலின் மேலேயே நிற்கும் அல்லது துணியில் ஒட்டும். இந்த மருந்தில் வருகிற தொல்லைகளில் பாதி அந்த மிச்சத்தால்தான் வருகிறது.

அமெரிக்காவில் ஆண்ட்ரோஜெல் 2000-ல் அனுமதி பெற்றது. நம் ஊர் மருந்துக்கடையில் செர்னோஸ் ஜெல் போன்ற பெயர்களில் கிடைக்கும். ஷெட்யூல் எச் மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. கேட்டதும் எடுத்து நீட்டுகிற கடை உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

நாற்பது வயதை நெருங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1% என்ற கணக்கில் இறங்கத் தொடங்கும். அது எல்லோருக்கும் நடப்பது, நோய் அல்ல. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் அதிகமான ஆண்களைப் பார்த்து 2010-ல் வெளியான ஆய்வில், பாலுறவு சார்ந்த மூன்று அறிகுறிகளும் குறைந்த அளவும் சேர்ந்து இருந்தவர்கள் 2.1% மட்டுமே. வெறும் சோர்வு, தொப்பை, மதியத் தூக்கம் என்று வருகிறவர்களுக்கு முதலில் பார்க்கவேண்டியது சர்க்கரை, தைராய்டு, குறட்டை, எடை. தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருப்பவருக்கு எடை குறைந்தாலே டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறுவது உண்டு.

பரிசோதனையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கவேண்டும். சர்க்கரை போட்ட காபி குடித்துவிட்டுப் போனாலே அளவு இறங்கிக் காட்டலாம். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்த ஆய்வில் கால்வாசி வரை இறங்கியிருக்கிறது. சாயங்காலம் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. முடி கொட்டுவதற்காக 10 மி.கி. பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பல லேப் கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். வேறு வேறு நாளில் இரண்டு முறை எடுத்து, இரண்டிலும் 300 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் அடுத்த பேச்சு. அந்தப் பேச்சும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் என்ற மூளையடிச் சுரப்பி ஹார்மோன்களின் இரத்தப் பரிசோதனையில் தொடங்கவேண்டும். கோளாறு விரையிலா, மூளையடிச் சுரப்பியிலா என்று தெரியாமல் ஜெல்லைத் தொடங்குவது ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

தடவும் முறைக்கு வருவோம். குளித்து, துடைத்து, தோல் முழுக்கக் காய்ந்த பிறகு தடவவேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகுதான். சாஷேயை அடியிலிருந்து மடித்து மடித்து உள்ளங்கையில் பிதுக்குங்கள். மடிப்பு மூலையில் எப்போதும் கொஞ்சம் தங்கும், அதையும் வழித்துவிடுங்கள். இரண்டு தோள், இரண்டு மேற்கை என்று மெல்லிசாகப் பரப்பினால் போதும், அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. விரைப்பையில் தடவவே கூடாது. ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றால் காய்ந்துவிடும். உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஜெல்லில் பெரும்பகுதி ஆல்கஹால். அதனால் குளித்த கையோடு தடவிவிட்டுப் பூஜையறையில் விளக்கேற்றப் போகவேண்டாம். முதலில் விளக்கு, பிறகு ஜெல். அதற்குப்பின் 5, 6 மணி நேரத்துக்குக் குளியலோ நீச்சலோ கிடையாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு சாஷே போடக்கூடாது.

இந்த மருந்தின் மிகப்பெரிய குறை, பிறருக்கு ஒட்டிக்கொள்வது. பெட்டிமேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச்சொல்லி அமெரிக்க மருந்துத்துறை 2009-ல் உத்தரவிட்டதே குழந்தைகளால்தான். ஜெல் தடவிய தோளில் சாய்ந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பு பெரிதாவது, அந்த வயதில் வரக்கூடாத முடி வளர்வது, எலும்பு வயதுக்கு மீறி முதிர்வது எல்லாம் நடந்திருக்கின்றன. நம் வீடுகளில் தாத்தா கையில்லாத பனியனோடு உட்கார்ந்து பேரனைத் தோளில் போட்டுத் தூங்கவைப்பது அன்றாடக் காட்சி. ஜெல் போடுகிறவர் கைவைத்த பனியனுக்கு மாறவேண்டும். பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னும் மனைவியோடு நெருங்குவதற்கு முன்னும் அந்த இடத்தைச் சோப்பால் கழுவவேண்டும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் தேவை. காலிச் சாஷேயும் குழந்தை கைக்கு எட்டாத குப்பைக்கூடைக்குத்தான் போகவேண்டும்.

தொடங்கி இரண்டு வாரம் கழித்து, அன்றைய ஜெல்லைத் தடவுவதற்கு முன் இரத்தம் கொடுங்கள். ஜெல் பட்ட தோலில் ஊசி குத்தினால் தோலில் இருக்கும் மருந்தே கலந்து ரிப்போர்ட் ஆயிரக்கணக்கில் எகிறும். டோஸ் அதிகம் என்று நினைத்து டாக்டர் குறைத்துவிடுவார். டெஸ்டோஸ்டிரோனைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது ஹீமாட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. 54%-ஐத் தாண்டினால் நிறுத்தவேண்டும், ஏனென்றால் இரத்தம் அவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று பொருள். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் ஏறும். புராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வைத் தொடங்கும் முன்பே ஒரு முறையும், 3 முதல் 6 மாதத்தில் ஒரு முறையும் பார்க்கவேண்டும்.

பலன் என்ன? பாலுறவு விருப்பம் 3 முதல் 6 வாரத்தில் தெரியலாம். 65 வயதைக் கடந்த 790 பேரில் பாதிப் பேருக்கு ஜெல்லும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஜெல்லும் ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2016) பாலுறவில் மிதமான முன்னேற்றம் இருந்தது. சுறுசுறுப்பு கூடும் என்று வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள், அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. மாரடைப்பு பயம் பற்றி 2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, இதய ஆபத்துள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. ஜெல் போட்டவர்களில் 7.0%, போலி ஜெல் போட்டவர்களில் 7.3% என மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் கொஞ்சம் அதிகம். எலும்பு உறுதியாகும் என்ற நம்பிக்கைக்கு நேர்மாறாக எலும்பு முறிவும் அதிகம் வந்தது. விளம்பரத்தில் இந்த வரி இருக்காது.

மாற்று வழிகளில் 1000 மி.கி. டெப்போ ஊசி (உடலில் தங்கி மெதுவாக மருந்தை விடுவது) வசதியானது. முதல் ஊசி, ஆறு வாரத்தில் இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. மருந்து 4 மி.லி. எண்ணெயில் கரைந்திருக்கிறது, அந்த எண்ணெய் நம் ஆமணக்குதான். புட்டத்தில் இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக இறக்கவேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய்த் துளி நுரையீரல் போய் இருமல் வாட்டும். வீட்டில் குழந்தை இருந்தால் இதுவே மேல். ஆனால் ஹீமாட்டோகிரிட் ஏறிவிட்டால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஜெல்லை நாளைக்கே நிறுத்தலாம், அதனால் முதல் மூன்று மாதத்துக்கு ஜெல்தான் சரி. 40 மி.கி. காப்ஸ்யூல் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். இரண்டு இட்லி, சாம்பாரோடு விழுங்கினால் காசு வீண். நெருஞ்சில் சேர்த்த 'பூஸ்டர்' டப்பாக்களுக்கு வருவோம் என்றால், நெருஞ்சில் ஆண்களில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்கு ஜெல் ஆகாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கும் ஆகாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளையடிச் சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அடக்கிவிடும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம், நிறுத்தினாலும் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். ஆண்மைக்கு என்று வாங்கித் தடவிக்கொண்டு குழந்தையின்மை சிகிச்சைக்கும் அலைகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எச்.சி.ஜி. ஊசி, க்ளோமிஃபீன் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. சாஷேயைக் கிழிக்கும் முன் இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.