தாழ்ந்த கடலோரத்தில் எதில் ஏறுவது: குன்றிலா, கோபுரத்திலா?

சமதளக் கடலோரத்தில் சிறு உயரமும் பெரிய வரம். தரையில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 30 மீட்டர் கோபுரத்தில் ஏறினால் அது 19 கிலோமீட்டருக்கு மேல் விலகும். 120 மீட்டர் குன்றில் சுமார் 39. நான்கு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு தொலைவுதான் கிடைக்கிறது. அதாவது முதல் சில படிகள்தான் அதிகம் தருகின்றன.

கணக்கில் குன்று ஜெயிக்கிறது. ஆனால் உச்சியில் மரங்கள் அடர்ந்திருந்தால் அடிவானம் எங்கே? இலைகள்தான் தெரியும். டென்மார்க்கைப் பாருங்கள்: 2005இல் அளந்தபோது மொலெஹோய்தான் நாட்டின் மிக உயர்ந்த இயற்கை இடம் என்று தெரியவந்தது, 170.86 மீட்டர். அதற்கு அருகிலுள்ள ஐயர் பௌனெஹோய் அரை மீட்டர் தாழ்வு. ஆனால் அங்கே 1924இல் கட்டிய 13 மீட்டர் கோபுரம் இருக்கிறது. பட்டம் ஒன்றுக்கு, பார்வை மற்றொன்றுக்கு! என்னைக் கேட்டால் கோபுரம் உள்ள இடத்துக்கே போவேன்.

குழந்தைகளோடு போனால் குன்று நல்லது. ஓடியாடலாம், காற்றும் அவ்வளவாக மிரட்டாது. கோபுரத்தில் குறுகிய படிகள், மேலே நெருக்கடி. மணற்குன்று என்றால் குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்தும் புல் மிதிபட்டால் குன்றே நகரத் தொடங்கும்.

எதில் ஏறினாலும், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள்; தூசி அடங்கியிருக்கும்.